நாகம்மாவின் முகத்தில் நான் வைத்த கை

1. ஒரே ஒரு கீ

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோவில் சேர்ந்த முதல் நாள், முதலாளி பாபு சார் எனக்கு ஒரே ஒரு கீயைத்தான் கற்றுக்கொடுத்தார். எஃப் டூ. திருப்பதியில் ஆறு மாதம் போட்டோஷாப் படித்து, சர்டிபிகேட்டை லேமினேட் செய்து கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதிகோ, இத அழுத்தினா மொகம் தெல்லகா வந்துடும். மிச்ச படிப்பெல்லாம் வீட்ல வெச்சுட்டு வாம்மா" என்றார். அவர் தெலுங்குக்காரர். தெல்லகா என்றால் வெளுப்பாக.

அந்தக் கீயில் ஒரு ஆக்‌ஷன் பதிவு செய்து வைத்திருந்தார். லெவல்ஸ் பெட்டியில் கறுப்பாக ஒரு மலை தெரியும். அதன் அடியில் மூன்று முக்கோணங்கள் இருக்கும். இடது ஓரத்தில் இருப்பது கறுப்புக்கு, வலது ஓரத்தில் இருப்பது வெள்ளைக்கு, நடுவில் இருப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட மிட்டோனுக்கு. நம் ஊர் முகங்கள் பெரும்பாலும் மிட்டோனில்தான் இருக்கின்றன. நடு முக்கோணத்தை இடப்பக்கம் தள்ளினால் முகம் வெளுக்கும். வெளுத்த படம் சப்பென்று போய்விடும் என்பதால் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். இத்தனையையும் எஃப் டூ தானே செய்துவிடும். கண்ணுக்குக் கீழே கருப்பு மிச்சமிருந்தால் டாட்ஜ் டூலால் தேய்த்து வெளிச்சமாக்குவது மட்டும் என் வேலை.

கல்யாணப் பெண், ஹால் டிக்கெட்டுக்கு வந்த பையன், திருமலையில் மொட்டை போட்டுவந்த குழந்தை, எல்லோருக்கும் அதே எஃப் டூதான். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

2. குவைத்திலிருந்து வந்த படம்

அப்போது எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பெண்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். விஜயபுரம் பக்கத்து ஏழுமலையின் மனைவி நாகம்மாவும் அப்படிப் போனவள். அங்கே அடுத்த வீட்டில் வேலை பார்த்த நம் பக்கத்து டிரைவர் ஒருவர், அவளை டிஜிட்டல் கேமராவில் எடுத்து எங்கள் ஸ்டூடியோ மெயிலுக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் ஊரில் நெட் கிடையாது. எங்களிடம் டயல்-அப் இருந்தது.

படம் இருட்டாக இருந்தது. நாகம்மா வலது கையை மடக்கி, மணிக்கட்டை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். இது என்ன போஸ் என்று நினைத்துக்கொண்டே எஃப் டூவை அழுத்தினேன். அப்படியும் கண்ணுக்குக் கீழே கருப்பு, கன்னத்தில் குழி, மணிக்கட்டில் ஒரு கருந்தழும்பு மிச்சமிருந்தன. எல்லாவற்றையும் டாட்ஜால் தேய்த்தேன். அரை மணி நேரம் பிடித்தது. முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

பிரிண்டை வாங்கிய ஏழுமலைக்கு வாயெல்லாம் பல். "யம்மா, சினிமாக்காரி மாதிரி கீறா! எங்கம்மா பாத்தா நம்பாது" என்றார்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். முகம் சரியில்லை.

"இன்னாண்ணா, பெருசு பண்ணணுமா?" என்று கேட்டேன்.

"அதில்லம்மா. நேத்து போன் பண்ணா. அந்த வூட்டு சமையல்காரிக்குத் தமிழ் தெரியும். பக்கத்துலயே நின்னுக்கினு கேட்டு, மேடம் கிட்ட சொல்லிடுவா. அதனால இவ எதுவும் பேச மாட்டா. 'போட்டோவ நல்லா பாத்தியா, நல்லா பாத்தியா'ன்னு அதயே கேட்டுக்கினு இருந்தா. பாத்தேன், நீ ஜம்முனு கீறேன்னு சொன்னேன். அழுதுட்டு வெச்சிட்டா."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கெழம ஏஜெண்டு வரான். ஒப்பந்தம் முடியப்போவுது, இன்னும் ரெண்டு வருசத்துக்கு நாங்க சரின்னு சொல்லணும். நல்லாதான கீறா, இருக்கட்டும்னு எங்கம்மாவும் சொல்லுது. எதுக்கு அழுவுறான்னுதான் எனுக்குப் புரில."

எனக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்ல முடியாததை அவள் முகத்தையும் கையையும் காட்டிச் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் நான் உட்கார்ந்து தேய்த்து அழித்திருக்கிறேன்.

கவுன்டரில் இருந்த பாபு சாருக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். என்னை உள்ளே கூப்பிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்: "வத்தும்மா, வேணாம், சொல்லாத. ஸ்டூடியோ பேரு போயிடும்."

"அந்தம்மா மொகமே போயிடுச்சே சார்" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அன்றுதான் முதல் தடவை. வேலை போனால் போகட்டும் என்று வெளியே வந்துவிட்டேன்.

3. மேலிருந்து கீழே

இன்னொரு முட்டாள்தனமும் செய்திருந்தேன். திருத்திய படத்தை ஒரிஜினல் மேலேயே சேவ் செய்திருந்தேன். மெயிலில் மட்டும்தான் பழைய படம் இருந்தது. மறுபடி நெட்டைப் போட்டேன். மோடம் கொஞ்ச நேரம் கத்திவிட்டு இணைந்தது. படம் மேலிருந்து கீழே துண்டு துண்டாக இறங்கத் தொடங்கியது. ஏழுமலை என் பின்னால் நின்றார்.

முதலில் சுவர் வந்தது. பிறகு தலைமுடி, நெற்றி. கண்கள் வந்தபோது அவர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்து ஒட்டிய கன்னம், வெடித்த உதடு. கடைசியில் நீட்டிய மணிக்கட்டும், அதிலிருந்த சூட்டுத் தழும்பும் வந்தன.

"அண்ணா, வந்த போட்டோ இதுதான். அழகா இருக்கட்டும்னு நான்தான் மாத்திட்டேன். தப்பு என்னுது."

அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டு, "இத கீற மாதிரியே போட்டுக் குடும்மா. ஒண்ணியும் தொடாத" என்றார்.

லெவல்ஸ் பெட்டியைத் திறக்காமல் நான் கொடுத்த முதல் பிரிண்ட் அது.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஏஜெண்டிடம் ஏழுமலையின் அம்மாவே அந்தப் பிரிண்டை நீட்டி, "எம் மருமவள இட்டாந்து வுட்டுடு" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஒப்பந்தம் முடிந்த இரண்டாவது மாதம் நாகம்மா ஊர் வந்து சேர்ந்தாள். பாபு சார் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் இரண்டே விஷயம் சொல்வேன். ஒரிஜினலைத் தனியாக வை. இந்தப் படம் எதற்கு என்று கேட்காமல் நடு முக்கோணத்தைத் தொடாதே. இரண்டும் எந்த கோர்ஸிலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

ஊர் வந்த சில மாதங்களில் ரேஷன் கார்டு படத்துக்காக நாகம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானா அது? மொகம் பளிச்சுனு கீதுன்னு காட்டறதுக்கா நான் அந்த டிரைவரண்ணன் கால்ல வுழுந்து போட்டோ எடுக்க வெச்சேன்?"

தலையைக் குனிந்துகொண்டேன். படம் எடுத்தேன். மானிட்டரில் திறந்தேன். எஃப் டூ பக்கம் போன விரலை இழுத்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, மொகத்துல கொஞ்சம் வெளிச்சம் ஏத்தட்டுமா? இல்ல, கீற மாதிரியே வுட்டுடவா?"

எட்டி, மானிட்டரில் தன் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"ஏத்து. இப்ப நல்லாதான கீறேன்" என்றாள்.

மானிட்டரை அவள் பக்கம் திருப்பிவைத்து, நடு முக்கோணத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன். போதுமா என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.