மூலைக் கொம்பியூட்டரின் கறுப்புப் பக்கம்

எங்கள் துறைமுகப் பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்த தொலைபேசிக் கடையில் நாலு கொம்பியூட்டர்கள் இருந்தன. நாலுக்கும் ஒரே வயரில்தான் இணையம் வந்தது. இந்த ஒரு விஷயத்தை அந்த நாட்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரும் நம்பவில்லை. மூன்றில் வருவது சாதாரண இணையம், மூலையில் இருக்கும் நாலாவதில் மட்டும் அதற்குக் கீழே உள்ள இன்னொன்று வருகிறது என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஆட்களோடு நிறையக் கதைக்க எனக்கு வராது. வெளிநாட்டுக்கு அழைப்பு எடுத்துக் கொடுப்பது, போட்டோக்கொப்பி அடிப்பது, மின்னஞ்சல் திறந்து கொடுப்பது, இவ்வளவும்தான் என் வேலை. வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை என்றுதான் அதைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் நாள் முழுக்க விளக்கம் சொல்லுகிற வேலையாகிவிட்டது.

மூதூர்ப் பக்கம் சண்டை ஓய்ந்து, இடம்பெயர்ந்த சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பட்டணத்தில் ஆட்கள் பட்டப்பகலில் காணாமல் போனார்கள். பொழுதுபட முதல் கடைகளைப் பூட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒருவரைப் பற்றி ஒரு கதை கிளம்பினால் அது கதையாக மட்டும் நிற்காது.

மற்ற மூன்று திரைகளும் வாசலைப் பார்த்தபடி இருந்தன. நாலாவதற்கு இடம் காணாமல் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி திருப்பிப் போட்டிருந்தோம். அதன் விசைப்பலகை உப்புக்காற்றில் இறுகிப்போய், சில எழுத்துகளை இரண்டு தரம் குத்த வேண்டும். அந்த மெஷினை ஒருவரும் விரும்பிக் கேட்பதில்லை, ஒரேயொருவரைத் தவிர.

அவர் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர், கிளாக்கர். நாற்பது வயது இருக்கும். பாலையூற்றில் தனியாக இருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு நேரே மூலைக்குப் போவார். அவருக்குக் கடுமையான திக்குவாய். பேச்சை விட்டுவிட்டே பல காலம் என்றபடியால் நிறையப் பேர் அவரைப் பெருமைக்காரர் என்றுதான் நினைத்திருந்தார்கள். முதன்முதல் வந்தபோது ஒரு குழுவில் சேர நான்தான் பதிந்து கொடுத்தேன். உலகத்தின் பல மூலைகளிலும் இருக்கும் திக்குகிற ஆட்கள் கூடி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும் ஒரு பக்கம் அது. கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போக முடியாது. அங்கே எல்லோருக்கும் புனைபெயர். சொந்தப் பெயரைச் சொல்லுவதுதானே அவர்களுக்கு எல்லாவற்றிலும் கஷ்டம். அங்கே அவர் பக்கம் பக்கமாக எழுதினார். கதைக்காத மனிதரின் விரல்கள் அந்தப் பழுதான விசைப்பலகையில் அப்படி ஓடும்.

அந்தப் பக்கத்தின் பின்னணி கறுப்பு. எழுத்து வெள்ளை. யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்கு அது வடிவாகத் தெரிந்திருக்கிறது. அவன் அதை நீலத்தில் செய்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு தலையிடி வந்திராது.

கடை வாசலில் ஓட்டோ வைத்து ஓடும் அண்ணை ஒருவர் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. சவாரி இல்லாத நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஒருநாள் தன் அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க உள்ளே வந்தவர், மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டார்.

எழுதுவினைஞர் போன பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, அந்தாள் பாக்கிறது சாதாரண நெற் இல்லையே?"

"சாதாரண நெற் தான் அண்ணை."

"எனக்குச் சுத்தாதை. முழுக்கக் கறுப்பு. படம் இல்லை, விளம்பரம் இல்லை. கொழும்பில கொம்பியூட்டர் படிக்கிற என்ர மச்சான் சொன்னவன், நெற்றுக்குக் கீழ இன்னொரு நெற் இருக்காம். ஆயுதம், பாஸ்போட், ஆளைத் தூக்கிறது, எல்லாம் அதுக்குள்ள தானாம். அதுக்குள்ள போனா எல்லாம் கறுப்பாத்தான் இருக்குமாம்."

"கறுப்பு எண்டுறது நிறம் அண்ணை. சுவருக்கு நிறம் அடிக்கிற மாதிரி."

"அப்ப ஏன் சொந்தப் பேர் இல்லாமல் எழுதுறார்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது அவருடைய சொந்த விஷயம். வாயை மூடிக்கொண்டேன். என்னைப் போன்றவர்கள் வாயை மூடினால் அதற்கும் ஒரு அர்த்தம் எடுத்துவிடுவார்கள்.

பிறகு தொடங்கியது. மரக்கறிப் பையோடு ஒரு பெண் வந்து, "மிஸ், கீழ உள்ள நெற்றுக்கு மணித்தியாலத்துக்குக் காசு கூடவோ?" என்று கேட்டார். ஒரு தகப்பன் மகனின் மின்னஞ்சலை அச்சடித்துக் கொண்டுவந்து, அது மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இரண்டு இளந்தாரிகள் நாலாம் நம்பருக்காக மூன்று காலியாக இருக்கும்போதே காத்துக்கொண்டு நின்றார்கள். ஒருநாள் தம்பி காணாமல் போன ஒரு அக்கா வந்தார். அவர் மற்றவர்கள் மாதிரி இல்லை. மெதுவாகக் கதிரையில் இருந்து, "அதுக்குள்ள போனா பிடிபட்ட ஆக்களைத் தேடலாமாமே, தங்கச்சி?" என்றார். இல்லை அக்கா, அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நான் ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் எழும்பிப் போன விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓட்டோக்கார அண்ணையில் ஆத்திரம் வரும்.

முதலாளி கிண்ணியாக்காரர். பயந்த சுபாவம். நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்த நாள் தானே ஒரு அறிவித்தலை எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டினார்: "இங்கு இரகசிய இன்ரநெற் பாவிக்க அனுமதி இல்லை."

"என்ன முதலாளி இது? அப்படி ஒண்டு இருக்கு, நாங்கள்தான் பாவிக்க விடேல்லை எண்டெல்லோ சனம் நினைக்கும்?"

"இரிக்கட்டும் தங்கச்சி. நம்மட பாதுகாப்புக்குத்தான்."

அதைப் பார்த்த பிறகு நம்பாமல் இருந்தவர்களும் நம்பினார்கள்.

இப்போதும் இதே கதைதான். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் தொலைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். கடலில் ஒரு பனிமலை மிதக்கிறது. மேலே தெரிகிற துண்டு நாங்கள் பாவிக்கும் இணையமாம், தண்ணீருக்குக் கீழே உள்ளதெல்லாம் டார்க் வெப்பாம், கொலைகாரர் கூடாரமாம். பின்னால் பேய்ப்படத்துக்குப் போடுகிற இசை. தண்ணீருக்குக் கீழே இருப்பதில் பெரும்பகுதி ஆட்களின் வங்கிக் கணக்கும் வைத்தியசாலைப் பதிவும் கடிதங்களும்தான். பூட்டியிருப்பதால் தேடினால் வராது. எங்கள் வீட்டு அலுமாரியும் பூட்டித்தான் இருக்கிறது. அதற்குள் பிணம் இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. உண்மையாகவே ஆளை மறைத்துக்கொண்டு போகும் வழி ஒன்றும் இருக்கிறது. அதற்கு வேறு மென்பொருள் வேண்டும். அந்த வழியால் கள்ளரும் போகிறார்கள், பயந்தவர்களும் போகிறார்கள். எங்கள் கடையில் அது இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அந்த வேகத்துக்கு ஒரு பக்கம் திறந்து முடியப் பொழுதுபட்டிருக்கும். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். "உங்களுக்குத் தெரியாது அன்ரி" என்றாள்.

சரி, அந்த நாட்களுக்கு வருகிறேன்.

ஒருநாள் மத்தியானம் சிவில் உடுப்பில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்று சொல்லவில்லை. அதைக் கேட்கிற காலமும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்ததை மூத்தவர் வாசித்தார்.

"இந்த மூலை மெஷின்ல யார் இருக்கிறது?"

முதலாளி கதிரையை விட்டு எழும்பினார். "ஆக்கள் வருவாங்க, போவாங்க சேர்" என்றார்.

"ஒரு ஆள் தான் எண்டு எங்களுக்குத் தெரியும். நாளைக்குப் பின்னேரம் வருவம். அந்த ஆள் இருக்கவேணும்."

அவர்கள் போன பிறகு முதலாளி கதவருகே நின்றபடியே சொன்னார். "தங்கச்சி, அந்த மனிசன இனி வரவேணாம் எண்டு சொல்லுங்க."

"வராமல் விட்டா அதுவே சாட்சியாப் போகும் முதலாளி. வீட்டுக்குப் போவினம். அவரிட்டைப் பேர் கேப்பினம். அவருக்குச் சொல்ல ஏலாது. அந்தாள் முழிக்கிறதைப் பாத்து என்ன நினைப்பினம்?"

அதுதான் என் பயம். அவருக்குப் பயம் வந்தால் திக்கு இன்னும் கூடும். குரல் நின்றுவிடும், கழுத்து இறுகும், கண் மேலே போகும். விஷயம் தெரியாதவருக்கு அது பொய் சொல்ல யோசிக்கிற ஆள் மாதிரித்தான் தெரியும். வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனால் வழியில் விளக்கம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்று பின்னேரம் அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. மூலைக்குப் போய் இருந்து, வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார். நான் போய் வாசித்தேன். வராமல் விட்டால் கள்ளன் என்பார்கள், வந்து எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறேன் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்த நாள் அவர்கள் வந்தபோது அவர் மூலையில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"பேர் என்ன?"

அடையாள அட்டையை நீட்டினார்.

"வாயால சொல்லும்."

கழுத்து இறுகியது. கண் மேலே போனது. இளையவர் மூத்தவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் என் வாய் தானாகத் திறந்தது.

"சேர், அவருக்குக் கதை வராது. திக்கும். அவர் எழுதினதைப் பாருங்கோ, இந்தப் பக்கம் முழுக்க அப்படியான ஆக்கள் தான் எழுதுறவை."

மூத்தவர் குனிந்து வாசித்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தது. எழுதுவினைஞர் ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்துக்கொண்டே போனார். அவற்றில் ஒன்றை அவர் காட்டி நான் முன்னமே வாசித்திருந்தேன். ஒருநாள் வீதிச் சோதனைச் சென்றியில் மறித்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்களாம். பாலையூற்று என்ற சொல் வரவேயில்லையாம். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். சுகமாக வாயில் வருகிற ஊர் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும் என்று தம்பலகாமம் என்று சொல்லிவிட்டாராம். அட்டையில் வேறு ஊர் இருந்ததால் வெயிலில் நெடுநேரம் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அதற்குக் கீழே எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒரு பெண், தானும் கடைக்குப் போய்க் கேட்க நினைத்ததை விட்டுச் சொல்லக்கூடியதை வாங்கிக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாள்.

மூத்தவர் அந்த இடத்தை இன்னொரு தரம் வாசித்தார். இளையவர் சிரிக்கப் பார்த்தார். மூத்தவர் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"இது ஏன் கறுப்பு?"

"அவையள் அப்படிச் செய்து வைச்சிருக்கினம் சேர். வேற காரணம் இல்லை."

"இந்தத் திரையை வாசல் பக்கம் திருப்பி வையுங்க. இனி எல்லாம் வெளியால தெரியவேணும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு முடிந்தது. மறுபடி வரவில்லை.

கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெளியே வந்தால் ஓட்டோக்கார அண்ணை காத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேரும் முழுவதையும் வாசித்துவிட்டுப் போனதையும், அது திக்குகிற ஆட்களின் பக்கம் என்பதையும் சொன்னேன். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவர் வடிவாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அது மேலால காட்டுற பக்கம் பிள்ளை. அதுக்குக் கீழ இன்னொண்டு இருக்கும்."

எதைத் திறந்து காட்டினாலும் அது மேல்பக்கம் ஆகிவிடும். இந்த நம்பிக்கைக்கு அடி இல்லை.

ஆனால் திக்குவாய் விஷயம் மட்டும் அவர் மனதில் தைத்துவிட்டது. மனிதருக்கு உள்ளே கவலை. அடுத்த கிழமையிலிருந்து எழுதுவினைஞரின் சைக்கிளை ஓட்டோவுக்குப் பின்னால் கட்டி, அவரைப் பாலையூற்றுக்கு ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். காசு வாங்கவில்லை. சென்றியில் மறித்தால், "சேர், இவருக்கு வாய் கொன்னும், பாலையூற்று, துறைமுகத்தில வேலை" என்று இவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாராம். பெருமையாக என்னிடம் வந்து சொன்னார். ஒரு நாளும் பிடித்து வைக்கவில்லையாம்.

முதலாளிக்குச் சந்தோஷம். "உசிரோட இரிக்காரே, அது போதாதா?" என்றார். போதும்தான். அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

திரையை வாசல் பக்கம் திருப்பிய பிறகு அவர் அந்தக் குழுவில் எழுதவேயில்லை. வருவார், கிரிக்கெட் ஓட்டம் பார்ப்பார், போவார். பின்னால் எப்போதும் இரண்டு பேர் நின்று கறுப்புப் பக்கம் வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு நாள்கள் குறைந்தன. கடைசியாக வந்த அன்று ஒன்றும் திறக்கவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஏதோ சொல்லத் தொடங்கினார். முதல் எழுத்து "ந" என்று மட்டும் தெரிந்தது. நான் காத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.

"நேரம் போச்சுது எண்டு சொல்லுறார் பிள்ளை" என்றார் வாசலில் நின்ற ஓட்டோக்கார அண்ணை. "வாங்கோ, போவம்."

அவர் அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். அண்ணை அதற்குள் போய் ஓட்டோவை இயக்கிவிட்டார். பிறகு அவர் போய் ஏறிக்கொண்டார்.