வேடியப்பன் திருத்தாத சுடர்

எங்கள் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுச் சுவரில் ஒரு மலை இருக்கிறது. உச்சியில் உள்ள தீபச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். 2003இல் வெள்ளையடிக்க வந்தவர்கள், "இதை மட்டும் நேரா பண்ணிடட்டுமா சார்?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சுவருக்கு உரியவர் வேடியப்பன். அடி அண்ணாமலைக்காரர், பெயர்ப்பலகை எழுதுபவர். பின்னால் எட்டு வருஷம் செவ்வாய் தவறாமல் வந்து எங்கள் நோயாளிகளின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்த மனிதர். ஆனால் முதலில் வந்தது சுவரில் படம் போட மட்டும்தான். ஓர் எழுத்து நூலளவு சாய்ந்தாலும் பலகை முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். கடைக்காரர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் போதும், கோபம் வந்துவிடும். "உங்களுக்குப் பரவால்ல. எனக்குப் பரவால்லையா?" என்பார்.

1997 ஐப்பசியில் பெரிய டாக்டர் அவரைக் கூப்பிட்டு மலையை வரையச் சொன்னார். அந்த வார்டு ஜன்னல்கள் எல்லாமே மலைக்கு எதிர்ப்பக்கம். திருவண்ணாமலையில் மலை தெரியாமல் ஓர் ஆஸ்பத்திரி கட்டியவரை என்னவென்று சொல்வது.

நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. படித்த கர்வம் நிறைய. அதை இறக்கி வைத்தவர் ஜோதியம்மாள். டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் ஜாக்கெட் தைப்பவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கையை மட்டும் அசைத்துப் பார்க்கவே மறுத்தார். நான் கொடுக்கும் ரப்பர் பந்தைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுவார். தையல் மெஷினை நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிடும்படி கணவரிடம் சொல்லிவிட்டார். கார்த்திகை தீபம் முடிந்ததும் வந்து எடுத்துப்போவதாக நாத்தனாரும் சொல்லியிருந்தார்.

வேடியப்பன் சாக்பீஸால் மலையைக் கோடு இழுத்தார். அவர் பிறந்ததிலிருந்து பார்த்த, அடி அண்ணாமலைப் பக்கத்து மலை. பெரிய உச்சியை ஒட்டிச் சின்ன உச்சிகள்.

"இது எந்த ஊரு மலைங்க?" என்றார் ஜோதியம்மாள். வார்டுக்கு வந்ததிலிருந்து அவராக வாய் திறந்தது அன்றுதான்.

"நம்ம மலைதாம்மா."

"நம்ம மலைக்கு உச்சி ஒண்ணுதான். நான் தெனம் பாக்கறேன்."

பக்கத்துக் கட்டில்காரர்களும் ஒற்றை உச்சி மட்டுமே தெரியும் டவுன் பக்கம். ஆமாம் ஆமாம் என்று சேர்ந்துகொண்டார்கள். வேடியப்பன் ஈரத்துணியை எடுத்துச் சுவர் முழுவதையும் துடைத்தார். சாக்பீஸை ஜோதியம்மாளிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க, பாக்கறேன்."

ஜோதியம்மாள் இடது கையை நீட்டினார்.

"எந்தக் கையால கத்திரி புடிப்பீங்க?"

"வலது கை."

"அப்ப அதுலயே புடிங்க. கோணல்மாணலா இழுக்க இது என்ன குட்டிச்சுவரா?"

எனக்குப் பதறியது. நோயாளியிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் ஜோதியம்மாள் வீம்பாக வலது கையை இடது கையால் தூக்கி, விரல்களுக்கு இடையில் சாக்பீஸைச் செருகிக்கொண்டார். பலகை எழுதும்போது கை ஆடாமலிருக்க வேடியப்பன் தன் மணிக்கட்டுக்கு அடியில் ஒரு குச்சியை முட்டுக்கொடுப்பார். அந்தக் குச்சியை ஜோதியம்மாளின் மணிக்கட்டுக்கு அடியில் பிடித்தார். இரண்டு அங்குலக் கோடு வந்தது. அதைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு இதைவிட நேரா வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்தார். தினமும் சண்டை. மலையடிவாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்தது. சரிவுக்கு எழுந்து நிற்க வேண்டியிருந்தது. வண்ணம் எல்லாம் வேடியப்பன் அடித்தார். உச்சிச் சுடரை மட்டும் விட்டுவைத்தார். அதற்குக் கை தலைக்கு மேலே போக வேண்டும். ஜோதியம்மாளின் கை தோளைத் தாண்டியதில்லை.

தீபத்தன்று வார்டில் ஓர் அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்திருந்தார்கள். மலையில் ஏற்றியதைப் பார்த்த பிறகுதான் ஊரில் யாரும் விளக்கு ஏற்றுவார்கள். "இவங்களுக்கு இதுதான் மலை. ஜோதியம்மா ஏத்தினப்புறம் வெளக்க ஏத்துங்க" என்றார் வேடியப்பன்.

ஜோதியம்மாள் எழுந்து நின்றார். நர்ஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்; விழுந்தால் தாங்க நான் நாற்காலியோடு பின்னால் நின்றேன். பிரஷ் தோள் வரை வந்தது. குச்சியை வேடியப்பன் இன்னும் உயர்த்தினார். வெளியே வெடிச் சத்தமும் அரோகராவும் கேட்டன. மலையில் ஏற்றிவிட்டார்கள். ஜோதியம்மாளின் கை மேலே போயிற்று, குச்சியை விட்டுக் கிளம்பியது. குச்சிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. வேடியப்பன் சத்தமில்லாமல் குச்சியை இறக்கினார். சுடர் உச்சியில் விழுந்தது.

கட்டில்களிலிருந்து அரோகரா எழுந்தது. யாரோ அகலை ஏற்றினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் வெட்கம் எதுவுமில்லை.

ஜோதியம்மாள் மட்டும் சுடரையே முறைத்தார். "சாஞ்சிடுச்சே. தொடைங்க, மறுபடி போடறேன்."

வேடியப்பன் துணியைக் கையில் எடுத்தார். சுடரை அண்ணாந்து பார்த்தார். பிறகு துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பரவால்லம்மா" என்றார்.

தீபத்துக்கு வந்து கட்டிலருகே நின்றிருந்த கணவரை ஜோதியம்மாள் திரும்பிப் பார்த்தார். "மெஷினைக் குடுத்துடாதீங்க. எண்ணெ போட்டு வைங்க" என்றார்.