கீரை வடை வாசனை

ஜமுனாமரத்தூருக்கு நாங்கள் குடிபோன முதல் வருடம் அது. பிஸ்கட் கேட்டு அழுத என் மகனுக்காக, கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையைச் சாமை மாவோடு பிசைந்து வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததுமே ஓடிவரும் தெருப்பிள்ளைகள் அன்று ஒருவர்கூட வரவில்லை. எதிர்வீட்டில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது.

வாசலுக்கு வந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் மகளுக்கு அம்மை. அம்மை கண்ட வீட்டுக்கு அருகில் எண்ணெய் காயக்கூடாது என்பது எனக்கும் தெரியும். காலையிலிருந்து கொல்லைப்பக்கமே இருந்ததால் வேப்பிலையைப் பார்க்கவில்லை.

குப்பம்மா கதவிடுக்கில் நின்றாள்.

"அடுப்ப அணைச்சிடுங்கம்மா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே குப்பம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அது முனகுவது எனக்குக் கேட்டது. நான் தண்ணீருக்குப் போனால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அது என் வடைச்சட்டியால்தான் என்று ஊர் சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அம்மை இறங்கி, குழந்தையின் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்த அன்று குப்பம்மா என் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா குப்பம்மா?"

"ரெண்டு வடை சுட்டுக் குடுங்கம்மா. காய்ச்சல்ல கெடக்கும்போதே கீரை வடை வேணும்னு கேட்டுனு இருந்தா."

சுட்டுக் கொடுத்தேன்.

இப்போது நகரத்தில் இருக்கிறேன். எண்ணெய் வைக்கும் முன் இன்றும் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். இங்கே யாரும் வேப்பிலை செருகுவதில்லை. எல்லாக் கதவுகளும் எப்போதும் சாத்தித்தான் இருக்கின்றன.