யாரை என்று மட்டும் கேட்டார்கள்

மருதம்மாள் கெடாவில் செமிலிங்கை அடுத்த ஒரு சிறிய தோட்டத்தில் பால்மரம் சீவினாள். ஜப்பான்காரர்கள் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆளில்லாமல் போனது. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டு அதைத்தான் எல்லோரும் தின்றார்கள். நிர்வாகம் தோட்டத்துக் கணக்கு எழுதிவந்த தர்மலிங்கம் என்ற பெரிய கிராணியின் கைக்கு வந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேலை நடக்க வேண்டும், பழி மட்டும் தன் மேல் வரக்கூடாது என்று நினைப்பவர். அப்படிப்பட்டவர்கள் எந்த ஆட்சிக்கும் தேவைப்படுகிறார்கள்.

சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. லாரி இரண்டு முறை வந்து, லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து ஆண்களில் பெரும்பாலோரை ஏற்றிப் போயிருந்தது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மூன்றாம் முறை கட்டளை மட்டும் வந்தது. இன்னும் ஓர் ஆள் வேண்டும். லாரி வரும்போது ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நிர்வாகத்தில் இருந்தவர்களை விட்டால், உடம்பு நன்றாக இருந்த ஆண்கள் மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் மருதம்மாளின் கணவர் குழந்தைவேலு. இன்னொருவர், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் மண்டோர் ராமையாவின் தம்பி பரஞ்சோதி. மூன்றாமவர் இஞ்ஞாசிமுத்து. பாலிங் பக்கத்தில் வேலை செய்த தோட்டம் மூடிவிட்டதால் மனைவி அகத்தாவோடு இங்கே வந்து சேர்ந்தவர். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மாமன் மச்சான் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இந்த லயங்களில் ஒருவரும் இல்லை.

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குக் கிராணி எல்லோரையும் வரச் சொன்னார்.

"நான் பேர் எழுதுனா நாளைக்கு என்னையத்தான் மண்ணள்ளித் தூத்துவீங்க. நீங்களே முடிவு பண்ணிக்கிங்க. புகைக்கொட்டாய்க்குள்ள பால் பிடிக்கிற மங்கு மூணு வைக்கிறேன், மிஞ்சின ஆம்பளை மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. வீட்டுக்கு ஒரு ரப்பர் கொட்டை. யாரு போகணுமோ அவரு மங்குல போட்டுட்டு வந்துருங்க. யாரு போட்டதுன்னு யாருக்கும் தெரியாது."

"கிராணியாருக்கு ஒரு மங்கு இல்லீங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

கூட்டம் சிரித்தது. கிராணியும் சிரித்தார். "நான் போயிட்டா அரிசி யாரும்மா வாங்கித் தருவா?"

"ஆமா, வாங்கித் தந்து வயிறு வெடிக்குது."

பேச்சு அதோடு முடிந்துவிட்டது. மங்கு ஏன் மூன்று, யார் அதை வைத்தது என்று யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

கெடாவில் தோட்டத்து ஆள் எவரும் அதுவரை எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை. இங்கே போட வேண்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புருஷன் சயாமுக்குப் போன வீடுகள். மருதம்மாளுக்கு அதுதான் பயம். தங்கள் வீட்டு ஆண் போய்விட்டபோது இவள் வீட்டில் மட்டும் ஆண் இருக்கிறாரே என்று அவர்களுக்கு இருக்காதா? அன்று சாயந்திரமே வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்ததை நினைவூட்டினாள். இன்னொரு வீட்டில், "அக்கா, உங்க தம்பி மாதிரி நெனச்சுக்கிங்க" என்றாள். இஞ்ஞாசிமுத்துவின் பெயரை எங்கும் சொல்லவில்லை. பரஞ்சோதி மண்டோரின் தம்பி. அவருக்கு எதிராக எவரும் கொட்டை போடப் போவதில்லை. எனவே சொல்லத் தேவையே இருக்கவில்லை. அகத்தாவோ எந்த வீட்டுக்கும் போகவில்லை. போய் நிற்க அவளுக்கு உரிமையுள்ள வாசல் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

கொட்டைகளைக் கொட்டிப் பார்த்தபோது இஞ்ஞாசிமுத்துவின் மங்கில்தான் அதிகம். மற்ற இரண்டிலும் அடி தெரிந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக அகத்தாவிடம் வந்தார்கள்.

"எங்க மாரியாத்தா சத்தியமா நான் உன் புருசனுக்குப் போடலடி."

"நானும் போடல தங்கச்சி. எந்தப் பாவி போட்டாளோ."

அகத்தா ஒவ்வொருவரையும் நம்பினாள். மருதம்மாள் விலகி நிற்பதைக் கண்டு அவளே அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் போட்டிருக்க மாட்டீங்கக்கா. எனக்குத் தெரியும்."

மருதம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். "போட்டேன்" என்றாள். "இந்தக் கையாலதான் போட்டேன். இவளுங்க எல்லாரும் போட்டாளுங்க. நாந்தான் வீடு வீடாப் போயி கெஞ்சினேன்."

அவள் கிராணியின் பக்கம் திரும்பினாள்.

"கிராணியாரே, யாரை அனுப்பணும்னுதான கேட்டீங்க? அனுப்பணுமான்னு கேக்கவே இல்லையே. இப்பக் கேளுங்க."

"அதைக் கேக்க நம்ம யாரும்மா? ஜப்பான்காரன் ஆளு கேட்டிருக்கான்."

"கேட்டா அவனே வந்து புடிச்சிக்கிட்டுப் போகட்டும். நம்ம கையால எதுக்கு எடுத்துக் குடுக்கணும்?"

ராமையா குறுக்கே வந்தார். "கூறு இருக்கா உனக்கு? அவன் வந்தா ஒருத்தனோட விடுவானா? உன் புருசனும் சேந்துதான் போவான்."

"தெரியும் மண்டோரே."

"என்னடி பேசுற நீ?" என்றார் குழந்தைவேலு. கோபமாகக்கூட அல்ல, வியப்பாக.

மருதம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். பேர் கொடுக்கலாம் என்பவர்கள் கிராணி பக்கம் போகட்டும், கூடாது என்பவர்கள் என் பக்கம் வரட்டும் என்று மட்டும் சொன்னாள். சிலர் அங்கே போனார்கள். சிலர் இங்கே வந்தார்கள். நடுவில் நின்றவர்களே அதிகம். மறைவில் கொட்டை போட முடிந்தவர்களுக்கு, வெளிச்சத்தில் நான்கடி நடக்க முடியவில்லை. குழந்தைவேலு வெகுநேரம் நடுவில் நின்றுவிட்டு மனைவி பக்கம் வந்து சேர்ந்தார். கிராணிக்கு எது முடிவு என்று விளங்கவில்லை. எந்தப் பெயரையும் அனுப்பாமல் இருந்துவிட்டார்.

இதை வீரம் என்று நான் சொல்லமாட்டேன். ராமையா சொன்னது தவறில்லை. தம்பியை அவர் முன்கூட்டியே லூனாஸ் ஊருக்கு அனுப்பிவிட்டார். லாரி வந்தது. இஞ்ஞாசிமுத்துவும் குழந்தைவேலுவும் ஜெராய் மலையடிவாரக் காட்டுக்குள் ஓடினார்கள். குழந்தைவேலு பசி தாங்காமல் கிழங்கு எடுக்க இறங்கியபோது பிடிபட்டார். ஆள் தராத தோட்டம் என்று, கிடைத்துவந்த கொஞ்ச அரிசியையும் நிறுத்தினார்கள். இஞ்ஞாசிமுத்து தப்பி வந்து சேர்ந்தார். குழந்தைவேலு சயாமிலிருந்து திரும்பவில்லை.

தண்ணீர்க்குழாயடியில் பெண்கள் மருதம்மாளைச் சும்மா விடவில்லை. "உன் நியாயத்தை உலையில போட்டு ஆக்கித் தின்னு" என்றாள் ஒருத்தி. மருதம்மாள் குடத்தை நிறைத்துக்கொண்டு போனாள். அகத்தா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஒருநாள் மருதம்மாளே அவளை நிறுத்தினாள்.

"எதுக்கு ஒளியிற?"

"உங்க வீட்டுக்காரரு..."

"அவர ஜப்பான்காரன் கொண்டுபோனான். நீ கொண்டுபோகல, நானும் அனுப்பல. உன் புருசன நான் அனுப்பப் பாத்தேன். ஒளியணும்னா நாந்தான் ஒளியணும். போ, போயி வேலையப் பாரு."

சில மாதம் கழித்து இன்னொரு கட்டளை வந்தது, ஆகாயவிமானத் தளத்து வேலைக்கு. கிராணி இம்முறை யாரையும் கூப்பிடவில்லை. தானே பெயர் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டார். லயங்களில் பலருக்கு அது நிம்மதியாகவே இருந்தது. கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும்.

மருதம்மாள் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றாள். "எங்களக் கேக்காம எழுதாதீங்க" என்றாள்.

"கேட்டா மட்டும் என்ன சொல்லிக் கிழிக்கப் போற?" என்றார் கிராணி உள்ளேயிருந்து.

"கேட்டுப் பாருங்க."

அவளுக்கு இனி இழக்க யார் இருக்கிறார்கள், அதனால் நிற்கிறாள் என்றார் ராமையா. அது உண்மைதான். அகத்தாவுக்கு இழக்க ஆள் இருந்தது. சற்று நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் நின்றாள்.