யார்ட கார்?

என் இடது பெருவிரலில் நகம் இல்லாததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதைக் கொண்டுபோனது நம் பழைய கார்தான். ரயர் மாற்றும்போது காரைத் தூக்கிவைத்த ஜக் வழுக்கி, காரின் விளிம்பு கைமேல் இறங்கியது. கொதித்த ரேடியேட்டர் தண்ணீர் ஒருமுறை என் நெஞ்சைச் சுட்டது. உப்புக் காற்றில் உக்கிய அடித்தகடு உடைந்து உங்கள் உம்மாவின் குதிக்காலைக் கிழித்தது. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் கார், என்னைவிட இரண்டு வயது மூத்தது. மாதத்தில் ஒருநாளாவது நான் அதைச் சுத்தியலால் அடிக்கிறேன். அதுவும் சும்மா விடுவதில்லை.

பாடசாலை வாசல் வருமுன்பே நீங்கள் இறங்கிக்கொள்கிறீர்கள். "வாப்பா, மாமா எடுத்த மாதிரி நீங்களும் லீசிங்ல புதுசு எடுத்தா என்ன?" என்று கேட்கிறீர்கள். மாமா புதுக் காரில் சாய்ந்து நிற்கும் போட்டோ அலுமாரியில் இருக்கிறது. அந்தக் கார் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து, கண்டக்குழிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் சுற்றுலா வரத் தொடங்கிய காலம். ஏசி இல்லாத என் காரில் அவர்கள் ஏறவில்லை. உங்கள் மாமா, அதாவது உம்மாவின் தம்பி, புதுக் கார் எடுத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். கொம்பனி காசு போட்டது; மாதத் தவணை கட்டி முடியும்வரை காரின் பதிவுப் புத்தகம் கொம்பனியின் பேரில். லீசிங் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. "என்ட கார்" என்பார். கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது அவருக்கு ஆறு வயது. ஒரு துணிப்பையோடு வந்த குடும்பம். முகாமில் அவர் படுத்த பாய்கூட யாரோ கொடுத்தது. அதனால் அந்தச் சொல்லை நான் திருத்தப் போகவில்லை. நானும் ஒரு லீசிங் விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போடுவது மட்டும் பாக்கியாக வைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் ஹயர் குறைந்தது. மூன்று தவணை கட்டவில்லை.

அன்று தலவில கத்தோலிக்கக் கோயில் பெருநாளுக்கு ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் கார் கராஜில் கிடந்ததால் நான் மாமாவின் பக்கத்தில் இருந்தேன். லுஹர் தொழுகை நேரம், நல்ல வெயில். ஒரு வேன் குறுக்கே வந்து நின்றது. நாலு பேர் குதித்தார்கள். தவணை தவறிய வாகனங்களைக் கொம்பனிக்காகப் பறிக்கும் ஆட்கள்.

மாமா கண்ணாடியை ஏற்றி, சாவியை உருவிக் கைக்குள் பொத்தினார். இரும்புக் கம்பி விழுந்தது. கண்ணாடித் தூள் எங்கள் மடியில் கொட்டியது. அவரைத் தலைமயிரில் பிடித்து ரோட்டோர மணலில் இழுத்துப் போட்டார்கள். நான் இறங்கி அவரிடம் ஓடினேன். வயிற்றில் ஒரு உதை. மணலில் விழுந்து மூச்செடுக்க முடியாமல் கிடந்தேன்.

அவர்களில் தடித்தவன் எங்கள் தமிழ்தான் பேசினான். அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'நானா' போட்டு மரியாதையாகவே பேசினான்.

"சாவியத் தாங்க நானா."

"தரமாட்டன். இது என்ட கார்!"

கன்னத்தில் அறைந்தான். "யார்ட கார் நானா?"

"என்ட."

மறுபடி அறைந்தான். "புத்தகத்தில யார்ட பேர் கெடக்கு? நானா ஸ்கூலுக்கே போகல்லயா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். மாமா சாவியை வாய்க்குள் போட்டுப் பல்லை இறுக்கினார். ஒருவன் தாடையைப் பிடித்தான், ஒருவன் கம்பியை உதட்டுக்குள் நுழைத்து நெம்பினான். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. சாவி இரத்தத்தோடு விழுந்தது.

அத்தோடு போவார்கள் என்று நினைத்தேன். தடித்தவன் செருப்புக் காலை மாமாவின் கழுத்தில் வைத்தான்.

"சாவி கெடச்சிட்டு. பதில் இன்னும் கெடைக்கல்ல. கொம்பனிட கார் எண்டு சொல்லுங்க, நாங்க போறம்."

மாமா சொல்லவில்லை. காலை அழுத்தினான். முகம் கறுத்தது, கை மணலைப் பிறாண்டியது. அப்போதும் உடைந்த வாய் "என்ட" என்றுதான் அசைந்தது. ஒரு பஸ் மெதுவாகக் கடந்து போனது. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

நான்தான் கத்தினேன். "கொம்பனிட கார்! அவன்ட இல்ல! அல்லாஹ்வுக்காக விடுங்க, அவன்ட இல்ல!"

கால் எடுபட்டது. "பெரிய நானாவுக்கு விளங்குது" என்று என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனான். கார் அவர்களோடு போனது.

தூக்கப் போனேன். மாமா என் நெஞ்சில் குத்தித் தள்ளினார்.

"நீங்க ஏன் மச்சான் சொன்னீங்க?"

"செத்திருப்பாய்டா!"

"நான் சொல்லல்லயே. அவனுகள் கொன்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டன். நீங்க ஏன் சொன்னீங்க?"

சேர்ட் முழுக்க இரத்தத்தோடு தனியாக நடந்தார். நான் பின்னால் போனேன். கல்லை எடுத்து எறிந்தார். அது என் காதோரம் பட்டது.

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை அடுப்பில் போட்டேன். புதுக் கார் எடுப்பது பிழை என்று சொல்லவரவில்லை. ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள். என் காரை அடிப்பதும் அதனிடம் அடிவாங்குவதும் நான் மட்டும்தான். அது போதும் எனக்கு.

மாமா இப்போது உப்பளத்துக்குப் போகிறார். பெருநாளைக்கு வந்தால் உம்மாவோடு பேசுவார், உங்களுக்குக் காசு தருவார், எனக்கு ஸலாம் மட்டும் சொல்வார். மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் எழுந்து போய்விட்டார். உயிரைக் காப்பாற்றியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

முன்பல் எப்படிப் போனது என்று அவரிடம் கேட்காதீர்கள். கேட்டால், படகில் வழுக்கி விழுந்தேன் என்பார். ஓம் மாமா என்று சொல்லிவிடுங்கள்.