பாண்டியம்மா தேய்த்த கண்ணாடி

உசிலம்பட்டியில் அந்த மாணவியர் விடுதியின் மொட்டைமாடிக்கு ஏறியவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். நாங்கள் பொருத்தியிருந்த கண்ணாடிகள் பளபளவென்று மின்னின. மின்னவே கூடாது. பனி படிந்ததுபோல வெள்ளையாக, மங்கலாக இருக்க வேண்டியவை அவை.

அப்போது நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்த சூட்டோடு மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவை வெயிலை வைத்தே கொல்வது எங்கள் வேலை. டைட்டானியம் டை ஆக்சைடு என்று ஒரு வெள்ளைப் பொடி. பெயின்டில்கூடக் கலப்பார்கள். அதைக் கண்ணாடியில் பூசி, ஃபர்னஸில் சுட்டு, சாய்த்து வைத்து, மேலே கிணற்றுத் தண்ணீரை வழியவிடுவோம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் பொடிக்கு வெறி பிடிக்கும். தண்ணீரிலிருந்தும் அதில் கரைந்த ஆக்சிஜனிலிருந்தும் பொல்லாத துணுக்குகளைக் கிளப்பிவிடும். அவை பாக்டீரியாவின் மேல்தோலில் ஓட்டை போடும். உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து ஆள் காலி. பொடி மட்டும் தேயாமல் அப்படியே இருக்கும். அதனால்தான் அது வினையூக்கி.

தேயாமல் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

"அக்கா, இதை யாரு தொட்டது?"

விடுதியில் சமையல் செய்யும் பாண்டியம்மா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நாந்தேன் தாயி. நாளைக்குப் பெரிய மேடம் வாராகன்னு சொன்னியா? வந்து பாத்தா கண்ணாடி பூரா உப்புக்கறை. செங்கப்பொடி போட்டுத் தேச்சேன். அம்புட்டு லேசுல போகலை, பாத்துக்க!"

எங்கள் பக்கத்துத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் நின்றாலும் வெள்ளையாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்காத வீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். எங்கள் வினையூக்கியும் பார்வைக்கு அந்த உப்பேதான்.

மேடம், எங்கள் ப்ராஜெக்ட்டுக்குப் பணம் தரும் கமிட்டியின் உறுப்பினர்; சென்னையிலிருந்து பார்வையிட வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் ப்ராஜெக்ட் நீளும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள், என் வேலையும் அதோடு போச்சு.

"வெள்ளையாத்தான இருக்கணும்? சுண்ணாம்பு கெடக்கு, ஒரு இழுப்பு இழுத்துருவோமா?" என்றார் அக்கா.

ஒரு நொடி சபலம் தட்டியது. மேடத்துக்குத் தெரியாது. பாக்டீரியாவுக்குத் தெரிந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"எதை வச்சும்மா தேய்ச்சாங்க?"

"செங்கப்பொடி சார்."

"அதுக்கு நம்ம பூச்சு நிக்காது," என்றார், செத்த குரலில். "மறுபடி பூசிச் சுட நேரமும் இல்லையே."

"பூசாம, பொடியாவே தண்ணில கலக்கிட்டா சார்?"

"மோர் மாதிரி ஆயிருமேம்மா."

"மோர்ல கெடந்தாலும் பாக்டீரியா சாகும்ல சார்?"

"சாகும்." இப்போது குரலில் உயிர் வந்தது. "பொடியை எடுத்துட்டு வாரேன்."

மறுநாள் மாடியில் மூன்று எவர்சில்வர் தட்டுகள். மூன்றிலும் அதே கிணற்றுத் தண்ணீர். முதலாவதில் பொடி, நல்ல வெயில். இரண்டாவதில் பொடி, மேலே மூடி. மூன்றாவதில் வெறும் வெயில். பாண்டியம்மா அக்கா கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். மேடம் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, நீர்மோரா?"

"இன்னும் உப்புப் போடலை மேடம்," என்றார் அக்கா.

சார் தொண்டையைக் கனைத்தார். "ப்ராசஸ்ல சின்ன மாடிஃபிகேஷன் மேடம்..."

"நாந்தேன் மேடம் தேச்சுப்புட்டேன். இந்தப் புள்ளயத் திட்டாதீக."

மேடம் கண்ணாடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் தேய்ச்சிருக்கீங்க," என்றார். சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்றே தெரியவில்லை.

சாயங்காலம் மூன்று தட்டுத் தண்ணீரையும் டெஸ்ட் பாட்டில்களில் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். குடலில் வாழும் பாக்டீரியா உயிரோடு இருந்தால் அந்தப் பாட்டில் கறுத்துவிடும். மறுநாள் பார்த்தால் மூடி வைத்தது மை மாதிரி கறுத்திருந்தது. வெறும் வெயிலில் வைத்ததும் கறுப்புதான். பொடியும் வெயிலும் சேர்ந்தது மட்டும் நிறம் மாறவில்லை. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் தோள்பட்டை வலித்தது.

பாட்டில்களைப் பார்த்துவிட்டு மேடம் சொன்னார்: "கொல்லுது, சரி. ஆனா இந்த மோரை யார் குடிப்பா? கண்ணாடியிலதான் பூசணும். அந்தம்மா தேய்ச்சாலும் போகக் கூடாது. அதுக்கு இன்னும் ஒரு வருஷம் தரச் சொல்றேன்."

அன்றிலிருந்து எந்தப் பூச்சுக்கும் எங்கள் கடைசிப் பரிசோதனை பாண்டியம்மா அக்காதான். லீவு நாளில் தேங்காய் நாரும் செங்கல் பொடியுமாக பஸ் ஏறி எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். சார் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையனைப்போலப் பக்கத்தில் நிற்பார். "இதுவும் போயிருச்சு சார்!" என்று அக்கா சந்தோஷமாகக் காட்டுவார். நாங்கள் அடுத்த பூச்சைக் கலக்கப் போவோம்.

கடைசியில் ஒருநாள் அவர் மூச்சு வாங்கத் தேய்த்தும் ஒரு பூச்சு அசையவில்லை. நாங்கள் குதித்தோம். அக்கா முகம் மட்டும் தொங்கிவிட்டது.

"கறை போகலையே சார். இதை எங்க மாடில மாட்டுனா, வாரவுக போறவுக என்னையப் பத்தி என்ன நெனப்பாக?"

பாக்டீரியாவைக் கொல்லத் தெரிந்த எங்களுக்கு இது தோன்றவே இல்லை. ஒரு கருவியைச் செய்கிறவர்கள், அதைத் துடைக்கப்போகிறவரின் மானத்துக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும்; என் வேலையில் நான் கற்ற பாடம் இதுதான். பெயின்ட் டப்பாவோடு உசிலம்பட்டிக்குப் போய், கண்ணாடிச் சட்டத்தில் 'இது கறை அல்ல, மருந்து' என்று எழுதினேன்.

அக்கா தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் பெருசா எழுது தாயி. பக்கத்து மாடிக்குத் தெரியணும்."