மஞ்சள் வளையமா, பச்சை வளையமா

உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் என் நண்பனுக்குக் கண்புரை முற்றிவிட்டது என்பதைத் தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசையில் தெரிந்துகொண்டேன். பலகையில் ஒரு பாட்டின் எண் இருந்தது. அவன் வேறு பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் வரியை மனமாரப் பாடிவிட்டான். வெளியே வந்ததும் கேட்டேன், ஒப்புக்கொண்டான்.

"ஆபரேஷன் பண்ணிக்க வேண்டியதுதானே?"

"சீசன் இப்பதான் ஆரம்பிச்சிருக்குது. ரெண்டு வாரம் வரலன்னா முதலாளி வேற ஆளப் போட்டுடுவாரு. மழை வரட்டும்."

"அதுவரைக்கும் டிகிரி எப்படிப் பாப்ப?"

"அதான்பா தெரியல."

உப்புநீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு அடர்த்தியைப் பார்ப்பார்கள். அதற்குத்தான் டிகிரி என்று பெயர். இருபத்தைந்து வந்ததும் நீரைப் பெரிய பாத்தியிலிருந்து உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் பெரிய பாத்தியின் சேற்றிலேயே உப்பு உறைந்துவிடும். குழாயின் மேலுள்ள கோடுகளோ எறும்புக்கால் அளவு. அவற்றைப் படிக்கத் தெரிவதுதான் மேஸ்திரி வேலை. இதுவரை அவன் கூலிக்கு வரும் ஒரு பெண்ணிடம், "உனக்குத் தெரியுதான்னு பாப்போம், எவ்ளோ சொல்லு" என்று பரீட்சை வைப்பதுபோல் சமாளித்துக்கொண்டிருந்தான்.

வானூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காந்தம், மின்சுருள் பற்றி நிறையப் படித்திருந்தேன். அந்தப் படிப்பு ஒருவருக்கும் தேவைப்பட்டதில்லை. ஆகவே இருபத்தைந்து வந்ததும் தானே கத்தும் கருவியைச் செய்து தருவதாக அன்றைக்கே வாக்குக் கொடுத்தேன்.

யோசனை எளிது. இரண்டு காந்த வளையங்கள். ஒவ்வொன்றிலும் செம்புக் கம்பிச் சுற்று. உப்புநீர் இரண்டின் துளைகளுக்குள்ளும் புகுந்து போகும்போது அதுவே ஒரு கம்பிபோல் இயங்கி, ஒரு வளையத்தின் மின் அலையை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். உப்பு ஏறினால் அலையும் ஏறும். ஆனால் இருபத்தைந்தை நெருங்கும்போது ஏற்றம் மிகச் சிறிது. அந்தச் சிறிதைப் பிடிக்கச் சரியான வளையம் வேண்டும்.

சரியான வளையத்தைத் தேட, டைரிப்படி, மாசி கடைசி வெள்ளி தொடங்கிப் பங்குனி பத்து வரை ஆனது. பழைய ஸ்டெபிலைசரின் இரும்புத் தகடுகளை முதல் நாளே ஒதுக்கினேன். வேகமான அலைக்கு அவை சூடாகிவிடும். புதுச்சேரி பழைய சாமான் கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் இரண்டு வகை வளையங்கள் கிடைத்தன. பச்சை, ஃபெரைட் என்கிற பீங்கான் மாதிரிப் பொருள். மஞ்சள், இரும்புத்தூளை அழுத்திச் செய்தது. பச்சை அதிக உணர்திறன் கொண்டது, ஆனால் வெயிலில் அதன் குணம் மாறும். மஞ்சள் மந்தம், ஆனால் சூட்டுக்கு அசையாது. சித்திரை வெயிலில் அளத்தில் நிற்பவனுக்கு எது வேண்டும்? பதினோரு பக்கம் எழுதி, அடிக்கோடிட்டு, மஞ்சளைத் தேர்ந்தேன். கருவிக்கு உறையாக வைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் வளையங்கள் இறங்க மறுத்ததால் மேல் பூச்சைக் கொஞ்சம் உப்புத்தாளால் தேய்த்து, பசை போட்டு அடைத்தேன்.

முதல் தடவை சரியாகக் கத்தியது. நண்பனின் முகத்தில் வந்த நிம்மதியை நேரத்தோடு குறித்து வைத்தேன். அதன் பிறகு அவன் பரீட்சை வைப்பதை நிறுத்திவிட்டான்.

சித்திரை இரண்டாவது செவ்வாய், காலை ஒன்பது மணிக்கு நான் வரப்பில் நின்றிருந்தேன். பெரிய பாத்திக்குள் நடந்த அந்தப் பெண் நின்றாள்.

"அண்ணே, கால்ல உப்பு குத்துது."

"மெஷின் இன்னும் கத்தலம்மா."

"மெஷினுக்குக் கால் இருந்தா கத்தியிருக்கும்."

நண்பன் என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றேன். மதியத்துக்குள் ஒரு பாத்தி உப்பும் சேற்றில் உறைந்து, மண் நிறத்தில் கிடந்தது.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். நண்பன் தலை குனிந்து நின்றான். கண் விஷயம் வெளியே வந்தால் அவன் வேலை போய்விடும். அந்தப் பெண்தான் முந்திக்கொண்டாள்.

"மேஸ்திரி மேல தப்பில்லங்க. மெஷின் சொல்லட்டும்னு நின்னுட்டோம்."

"யார் செஞ்ச மெஷின்?"

எல்லாருடைய பார்வையும் என்மேல் விழுந்தது.

"சார், நீங்க படிச்சவரு. வீட்லயே வெச்சுப் படிங்க." பிறகு நண்பனிடம், "இனிமே குழாய்தான். ஒருத்தன் கண்ண நம்பி விடாத. நீ ஒருமுற பாரு, அந்தம்மா ஒருமுற பாக்கட்டும்."

அவர் போனதும் அவள் சொன்னாள்: "இனிமே பரீட்சை வெக்க வேணாம்ணே. நேராவே கேளுங்க."

அன்று மாலை கருவியைப் பிரித்தேன். தேய்த்த இடத்தில் ஈரம் இறங்கி, மஞ்சள் வளையம் காப்பிப்பொடியாக உதிர்ந்தது. ஜன்னல் கம்பிகூட நிலைக்காத ஊரில் பிறந்தவன் நான். பதினோரு பக்கத்தில் வெயிலைப் பற்றி ஒன்பது பக்கம். துருவைப் பற்றி ஒரு வரி இல்லை. ஃபெரைட் என்பது இரும்புத் துருவையும் வேறு சில உலோகங்களின் துருக்களையும் கலந்து சுட்டது. ஏற்கெனவே துருவாகிவிட்டதை உப்புக்காற்று மேற்கொண்டு என்ன செய்யும்? பச்சை வளையத்தில் இன்னொரு கருவி செய்தேன். சூட்டுக்கு ஒரு சின்ன திருத்தம் போதுமாயிருந்தது. கொல்லைப்புற வாளியில் அது பிழையின்றிக் கத்துகிறது. அளத்துக்கு எடுத்துப்போக எனக்கு அனுமதி இல்லை.

ஐப்பசி மழையில் நண்பனுக்கு ஆபரேஷன் நடந்தது. தையில் அவனே மேஸ்திரியாகத் திரும்பப் போனான். இப்போது நான்கடி தள்ளி நின்றே கோடுகள் தெரிகின்றனவாம். ஆனாலும் முதலாளி உத்தரவு உத்தரவுதான். குழாயை முதலில் பார்ப்பவள் அவள்.

"அவ என்ன சொல்றாளோ அதையே நானும் சொல்லிடுறேன்பா" என்கிறான். "எதுக்கு வம்பு."